கொரியா: காபிக் காசில் வீடு கட்ட முடியுமா?

2023 ஏப்ரல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்கொரியாவில் இருக்கும் என் பழைய சிநேகிதன் கிம் போன் பண்ணினான். (அந்த ஊர்ல அஞ்சு பேருக்கு ஒருத்தர் கிம்தான். அதனால் பேரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன் :-) )

"என் பொண்ணு முன்ன பின்ன தெரியாத முன்னூறு பேர்கிட்ட தினமும் திட்டு வாங்கிக்கிட்டிருக்கா. ஏம்மான்னு கேட்டா, நல்லா இருக்குப்பாங்கிறா."

அவனுடைய அரைகுறை இங்கிலீஷும் என்னுடைய அரைகுறை கொரியனும் சேர்ந்து நடக்கும் பேச்சு எங்களுடையது. தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

விஷயம் இதுதான். காகாவோடாக் என்று நம்ம வாட்ஸப் மாதிரி அங்கே ஒன்று. 2023 வசந்த காலத்தில் அதில் 'கொஜிபாங்' என்று நூற்றுக்கணக்கில் குழுக்கள் முளைத்தன. கொஜி என்றால் பிச்சைக்காரர், பாங் என்றால் அறை. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். இந்த மாசம் இதுவரைக்கும் எவ்வளவு செலவு பண்ணினோம் என்பதைப் பேருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒவ்வொரு செலவையும் சபையில் சொல்ல வேண்டும். "காபி, 4,500 வோன்" என்று ஒருத்தர் போட்டால், "உங்க ஆபீஸ்ல தண்ணிகூட வராதா?" என்கிற மாதிரி பத்து பேர் பாய்வார்கள். "டாக்ஸியில போனேன்" என்றால் தொலைந்தது. எல்லாம் சிரிச்சுக்கிட்டேதான். ஆனால் திட்டு திட்டுதான்.

2023 கணக்குக்கு ஒரு ரூபாய்க்குச் சுமார் 16 வோன். அந்தக் காபி நம்ம காசில் 280 ரூபாய்.

பெரியவர்களுக்கு ஏக சந்தோஷம். அப்பாடா, பசங்களுக்குப் புத்தி வந்துடுச்சு! அஞ்சாறு வருஷம் முன்னால் இதே பெரியவர்கள், இதே வயசுப் பசங்களைப் பார்த்து, ஊதாரிகள், நாளையைப் பற்றிக் கவலை இல்லாதவர்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் புலம்பலும் புரியவில்லை, இந்தச் சந்தோஷமும் புரியவில்லை. ஏன் என்று சொல்ல கிம்மின் அம்மாவில் இருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

2001ல் இருந்து ரெண்டு வருஷம் சூவோன் நகரில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். கிம் பக்கத்து மேசை. மாசம் ஒரு தடவையாவது சியோலில் இருந்த அவன் அம்மா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவான். இந்த ஆள் மாடு திங்க மாட்டான், பன்னி திங்க மாட்டான், அப்புறம் எதைப் போட்டு வளர்க்கிறது என்று அந்த அம்மாவுக்கு என் மேல் ஒரே பரிதாபம். முட்டையும் முள்ளங்கியும் போட்டே என்னை வளர்த்தார்கள்.

அவர்கள் ஜொல்லா மாகாணத்தில் ஒரு கிராமத்தில் இருந்து 1970 வாக்கில், பதினெட்டு வயசில், சியோலின் குரோ தொழிற்பேட்டைக்கு வந்தவர்கள். தம்பியின் காலேஜ் பீஸுக்காக. அந்தக் காலத்தில் குரோவுக்கு வந்த பெண்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். தங்கின இடத்துக்கு ஊர் வைத்த பேர் 'தேன்கூடு'. ஒரு வீட்டைச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து, ஒரு அறைக்குள் மூணு நாலு பெண்கள். பகல் ஷிப்ட்காரி எழுந்த பாயில் இரவு ஷிப்ட்காரி படுத்துக்கொள்வாள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அந்தக் காலத்துக் கூலியைப் பற்றிப் பேசினால் ஜொன் தே-இல் பேரைச் சொல்லாமல் போக முடியாது. சியோல் பியோங்ஹ்வா சந்தையில் துணி வெட்டுகிற வேலை பார்த்தவர். 60களின் நடுவில் எடுபிடியாகச் சேர்ந்தபோது அவருக்கு நாள் கூலி 50 வோன். அன்றைக்கு 'தாபாங்' எனும் காபிக் கடையில் ஒரு காபியின் விலையும் ஏறக்குறைய அதேதான். அதாவது விடிந்ததில் இருந்து இரவு வரைக்கும் உழைத்தால் ஒரு காபி. பின்னால் அவர் வெட்டுத் தொழிலாளியாக உயர்ந்தபோது, தன் கீழே பதிமூணு பதினாலு வயசுப் பெண் பிள்ளைகள் பட்டினியோடு வேலை பார்ப்பதைப் பார்த்திருக்கிறார். பையில் இருந்த பஸ் காசு 30 வோனுக்கு, ஒரு வோனுக்கு ஒன்று என்று விற்ற சின்னப் பணியாரம் முப்பது வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ரெண்டு மூணு மணி நேரம் நடந்தே போவாராம். ராத்திரி 12 மணிக்கு ஊரடங்கு வேறு. வழியில் பிடிபட்டு போலீஸ் சாவடியில் விடிய விடிய உட்கார்ந்த நாட்களும் உண்டு. தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்து என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, 1970 நவம்பர் 13ல் அந்தச் சந்தை வாசலிலேயே தீக்குளித்தார். வயசு 22.

கொரியாவில் ஒரு இளைஞன் செய்த செலவுகளில் நான் அறிந்தவரை பெரிய செலவு அந்த 30 வோன்தான்.

கூலி அப்படி. செலவு? அதை அரசாங்கமே பார்த்துக்கொண்டது! 1953ல் போர் ஓய்ந்தபோது தலைக்கு 67 டாலர் வருமானம் இருந்த நாடு அது. காசு எல்லாம் தொழிற்சாலைக்குப் போக வேண்டும், மக்கள் கையில் தங்கக் கூடாது என்பது கொள்கை. 1964ல் சேமிப்பு நாள் என்று ஒரு நாளையே அறிவித்தார்கள். 1965 செப்டம்பரில் வைப்பு வட்டியை ரெண்டு மடங்காக்கி 30 சதவீதம் வரை கொண்டுபோனார்கள். 30 சதவீதம்! அரிசி மிச்சம் பிடிக்க 1969ல் இருந்து புதனும் சனியும் 'அரிசி இல்லா நாள்'. பகல் 11 மணியில் இருந்து சாயங்காலம் 5 வரை ஓட்டலில் சோறு விற்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார், அரிசியோடு பார்லி கலந்திருக்கிறதா என்று. வெறும் வெள்ளைச் சோறு என்றால் பிள்ளைக்குத் தண்டனை.

கலர் டிவி இன்னும் தமாஷ். 70களின் நடுவிலேயே கொரியத் தொழிற்சாலைகள் கலர் டிவி செய்து ஏற்றுமதி பண்ணின. உள்ளூரில் விற்பனையும் கிடையாது, கலர் ஒளிபரப்பும் கிடையாது. ஜனங்கள் ஆடம்பரத்தில் இறங்கிவிடுவார்களாம். 1980ல்தான் ரெண்டும் வந்தது. வெளிநாட்டுச் சுற்றுலா? 1983ல் 50 வயசு தாண்டியவர்களுக்கு மட்டும், அதுவும் 20 லட்சம் வோனை பேங்கில் ஒரு வருஷம் கட்டிவைத்தால்தான். எல்லாருக்கும் கதவு திறந்தது 1989 ஜனவரியில். ஆக, கொரியர்கள் சிக்கனமானவர்கள், அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்று யாராவது எழுதினால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். செலவு பண்ண வழி எல்லாத்தையும் அடைச்சு வெச்சுட்டு ரத்தத்தைப் பற்றிப் பேசுவானேன்?

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. நான் சொல்ல வந்ததே அதுதான். சேமித்தால் பலன் கிடைத்தது.

கிம்மின் அம்மா 'கியே' கட்டினார்கள். கியே வேறொன்றுமில்லை, நம்ம ஊர் சீட்டேதான். பத்து இருபது பெண்கள், மாசாமாசம் ஒரு தொகை, முறை வைத்து ஒருத்தர் மொத்தத்தையும் எடுப்பார். சீட்டுப் பிடிக்கிறவர் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி நீட்டுகிற வழக்கமும் அப்படியே நம்ம ஊர்தான்! இவர்கள் சீட்டு ஓடிப்போகவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த சீட்டுப் பணத்தில் ஒரே ஒரு அறையை 'ஜொன்செ'க்குப் பிடித்தார்கள்.

ஜொன்செ என்றால் கிட்டத்தட்ட நம்ம ஒத்தி. போக்கியம் என்று சில ஊரில் சொல்வோம், சென்னையில் லீஸ் என்பார்கள். மாச வாடகை கிடையாது. வீட்டு விலையில் பாதி, சில சமயம் முக்கால்வாசி, மொத்தமாக முன்னாடியே கொடுத்துவிட வேண்டும். ரெண்டு வருஷம் கழித்துக் காலி பண்ணும்போது அத்தனையும் முழுசாகத் திரும்பக் கைக்கு வரும். 1910ல் ஜப்பான்காரர்கள் தயாரித்த வழக்காறுகள் அறிக்கையிலேயே, கொரியாவில் வீடு வாடகைக்கு விடும் பரவலான முறை இதுதான் என்று இருக்கிறது. வட்டி பத்து பதினைந்து சதவீதம் ஓடுகிற காலத்தில் வீட்டுக்காரருக்கு அந்த மொத்தப் பணத்தின் வட்டியே வாடகை. இல்லாவிட்டால் அதைப் போட்டே இன்னொரு வீடு வாங்கிவிடுவார். குடியிருப்பவருக்கு? அசல் பத்திரமாக இருக்கிறது. மேலே கொஞ்சம் சீட்டு, கொஞ்சம் பேங்க் சேமிப்பு போட்டால் அடுத்த தடவை ரெண்டு அறை ஜொன்செ. அப்புறம் மூணு அறை. அப்புறம் சொந்த வீடு. தேன்கூட்டில் இருந்து சொந்த அபார்ட்மெண்ட்டுக்குப் போக கிம்மின் அம்மாவுக்கு இருபது வருஷம் ஆனது. 1988ல் ஒரு கொரியக் குடும்பம் சராசரியாக வருமானத்தில் நாலில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தது. ஏணி மேலே போகுது என்று தெரிந்தால் யாருக்குத்தான் காபி வேணும்?

அப்புறம் 1997. நாட்டின் டாலர் கையிருப்பு கரைந்து ஐஎம்எப்பிடம் போய் நின்றார்கள். கொரியர்கள் இன்றைக்கும் அந்த நெருக்கடியையே 'ஐஎம்எப்' என்றுதான் சொல்கிறார்கள், ஏதோ புயலுக்குப் பேர் வைத்த மாதிரி. 1998 ஜனவரியில் தங்கம் திரட்டும் இயக்கம். சுமார் 35 லட்சம் பேர் வரிசையில் நின்று 227 டன் தங்கம் கொடுத்தார்கள். இனாமாகக் கொடுத்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள், அப்படி இல்லை. ஏற்றுமதி செய்த பிறகு வோனில் காசு வந்தது. ஆனால் கொடுத்த பொருள் என்ன என்று பாருங்கள். கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு உறவுக்காரர்கள் போட்ட மோதிரம். கிம்மின் மோதிரமும் போனது. "கேட்காமயே கொடுத்துட்டாங்க, இருபத்திரண்டு வருஷம் கழிச்சு நான் அதைப் போட்டுக்கவா போறேன்னு சமாதானம் வேற" என்பான்.

ஐஎம்எப் கடனை 2001 ஆகஸ்டில், கெடுவுக்கு மூணு வருஷம் முன்னாலேயே அடைத்துவிட்டார்கள். உலகமே கைதட்டியது. நான் சூவோனில் போய் இறங்கிய சமயம். ஊர் முழுக்க ஒரே கார்டு மயம்!

இது எப்படி வந்தது? நெருக்கடியில் ஜனங்கள் செலவையே நிறுத்திவிட்டார்கள், கடைகள் மூடின. சேமி சேமி என்று முப்பது வருஷம் சொன்ன அதே அரசாங்கம் இப்போ செலவு பண்ணு என்றது. 1999 மே மாசம், கார்டில் ரொக்கம் எடுக்க இருந்த மாசம் 7 லட்சம் வோன் என்கிற வரம்பைத் தூக்கினார்கள். ஆகஸ்டில் கார்டில் வாங்கினால் வருமான வரிச் சலுகை. 2000 ஜனவரியில் உச்சக்கட்டம்: கார்டு ரசீதுக்கு லாட்டரி! மாசாமாசம் குலுக்கல், முதல் பரிசு 10 கோடி வோன். கடைகள் வரி ஏய்க்கக் கூடாது என்பதும் ஒரு நோக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் நடந்தது என்ன? 1999ல் 3.9 கோடியாக இருந்த கார்டுகள் 2002ல் 10 கோடியைத் தாண்டின. வேலை செய்யும் வயசில் உள்ளவர் ஒருத்தருக்குச் சராசரி நாலரை கார்டு.

சுரங்க ரயில் நிலைய வாசலில் மேசை போட்டு நடுவயசுப் பெண்கள் கார்டு விற்றதை நானே பார்த்தேன். காலேஜ் பையனா, வேலை இல்லையா, பரவாயில்லை, கையெழுத்துப் போடு. கூடவே ஒரு பரிசுப் பொருள். எனக்குக்கூட ஒரு அம்மா குடையைக் கையில் திணித்துவிட்டு படிவத்தை நீட்டினார். வெளிநாட்டுக்காரன், விசா ரெண்டு வருஷம்தான் என்று தெரிந்ததும் குடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மழை வேறு :-(

2002 புத்தாண்டு சமயத்தில் ஒரு கார்டு கம்பெனி விளம்பரம். பனியில் நின்றுகொண்டு ஒரு நடிகை 'எல்லாரும் பணக்காரர் ஆகுங்கள்' என்று கத்துவார். அந்த வருஷம் அதுவே ஊரின் புத்தாண்டு வாழ்த்தாகிப் போனது. ஆபீஸில், கடையில், எங்கே பார்த்தாலும் அதேதான்.

கிம்மிடம் ஆறு கார்டு இருந்தன. அவனை ஊதாரி என்று சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆகியிருந்தது, குழந்தை வரப்போகிறது, ஜொன்செக்கு முன்பணத்தில் கொஞ்சம் குறைந்தது, கார்டில் ரொக்கம் எடுத்தான். அதைக் கட்ட இன்னொரு கார்டு. அதைக் கட்ட மூணாவது. இதற்கு கொரிய மொழியில் தனிச் சொல்லே உண்டு, 'தொல்லியோமாக்கி'. சுத்திச் சுத்தி அடைப்பது. அன்றைக்குக் கார்டில் ஓடிய பணத்தில் பாதிக்கும் மேல் பொருள் வாங்கினதே இல்லை, இப்படி ரொக்கம் எடுத்ததுதான். 2003 நவம்பரில் அந்நாட்டின் மிகப் பெரிய கார்டு நிறுவனமான எல்ஜி கார்டே ரொக்கம் கொடுக்க முடியாமல் திணறி, பேங்குகள் கூடிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அந்த வருஷக் கடைசியில் கடன் கட்டாதோர் பட்டியலில் 37 லட்சம் பேர். உழைக்கும் மக்களில் ஆறு பேருக்கு ஒருத்தர். பட்டியலில் பேர் ஏறினால் வேலை கிடைப்பதும் கஷ்டம்.

கிம் அதில் ஏறவில்லை. அவன் அம்மா அப்போ கட்டிக்கொண்டிருந்த கியேயை முதல் ஆளாக எடுத்து, கழிவு கொடுத்து, அவன் கடனை அடைத்தார்கள். நான் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா ஒரு கத்தரிக்கோலை மட்டும் மேசை மேல் வைத்தார்கள். அவன் ஒவ்வொரு கார்டாக வெட்டினான். ஒன்றை மட்டும் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டான், அது எனக்கு மட்டும்தான் தெரியும். (அம்மா இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

அதற்கு அப்புறம் வந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, வேகமாகத் தாண்டிவிடலாம். 2006ல் 'தேன்ஜாங்-ந்யோ' என்று ஒரு வசைச் சொல் பரவியது. தேன்ஜாங் என்பது சோயா விழுது, ஏழைச் சாப்பாடு. மலிவாகச் சாப்பிட்டுவிட்டு அதைவிட அதிக விலைக்கு ஸ்டார்பக்ஸ் காபி குடிக்கும் பெண் என்று அர்த்தம். முதல் ஸ்டார்பக்ஸ் 1999 ஜூலையில் ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழக வாசலில் திறந்தது, பழி மொத்தமும் பெண்கள் தலையில். அதே வயசுப் பையன்கள் குடித்த சோஜுவுக்கு யாரும் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. 2007ல் '88 லட்சம்'... இல்லை இல்லை, 8 லட்சத்து 80 ஆயிரம் வோன் தலைமுறை என்று ஒரு புத்தகம். ஊ சொக்-ஹூன் என்ற பொருளாதார அறிஞரும் பாக் க்வொன்-இல் என்பவரும் எழுதியது. நிரந்தரமில்லாத வேலையில் இருக்கும் இருபதுகளின் சராசரி மாசச் சம்பளம் அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டார்கள். 2011ல் 'சம்போ தலைமுறை': காதல், கல்யாணம், குழந்தை மூணையும் கைவிட்டவர்கள். அப்புறம் சொந்த வீடு, நட்பு என்று பட்டியல் நீண்டு, எண்ணவே முடியாமல் 'என்-போ' ஆனது.

2017 வாக்கில் செலவைப் பற்றியே விதவிதமான சொற்கள் பிறந்தன. 'ஷிபால் பியோங்' என்று ஒன்று. கெட்ட வார்த்தையும் 'செலவு' என்கிற சொல்லும் சேர்ந்தது. மேனேஜரிடம் திட்டு வாங்கிய எரிச்சலில் பஸ்ஸை விட்டுவிட்டு டாக்ஸியில் போகிறோமே, அந்தக் காசு. 'தாங்ஜின்ஜேம்', காசைக் கரைக்கிற குஷி. கரைப்பது என்றால் ஏதோ என்று நினைக்காதீங்க. மலிவுக் கடையில் ஆயிரம் ரெண்டாயிரம் வோன் சாமான்களைக் கூடை நிறைய வாங்குவது, அவ்வளவுதான். பெரியவர்கள் புலம்பினது இதற்குத்தான். அதே 2017ல் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி, ஜனங்கள் அனுப்பின ரசீதுகளைப் பார்த்து 'ஸ்டுபிட்!', 'கிரேட்!' என்று தீர்ப்பு சொல்வார்கள். ஊரே பார்த்தது. கரைக்கிறதும் அந்தத் தலைமுறைதான், திட்டு வாங்க ரசீது அனுப்பினதும் அதே தலைமுறைதான்.

இந்த நேரத்தில் ஏணி என்ன ஆனது? சியோலில் ஒரு அபார்ட்மெண்ட்டின் சராசரி விலை 2017ல் சுமார் 60 கோடி வோன். 2021 கடைசியில் 120 கோடி வோன். நாலரை வருஷத்தில் ரெண்டு மடங்கு. 2020 மே மாசம் மத்திய வங்கியின் வட்டி 0.5 சதவீதத்துக்கு இறங்கியது. கிம்மின் அம்மா காலத்துச் சேமிப்பு வட்டியை நினைத்துப் பாருங்கள். பேங்கில் போட்டவன் முட்டாள் ஆனான். சம்பளத்தைச் சேர்த்துவைத்து சும்மா இருந்தவனுக்கு ஒரு பேர் வைத்தார்கள், 'பியோராக்கொஜி'. திடீர்ப் பிச்சைக்காரன். எதையும் இழக்கவில்லை, ஆனால் பக்கத்து ஆள் வீடு வாங்கியதால் ஏழையாகிப் போனவன். பயந்துபோய் முப்பது வயசுக்காரர்கள் உயிரைப் பிழிந்து கடன் வாங்கி வீட்டிலும் பங்கிலும் பிட்காயினிலும் போட்டார்கள். 2021 ஆகஸ்டில் ஏறத் தொடங்கிய வட்டி 2023 ஜனவரியில் 3.5 சதவீதத்தில் போய் நின்றது. சாப்பாட்டு விலையும் கூடவே ஏறியது. செலவே இல்லாத நாள், அப்புறம் இந்தக் கொஜிபாங் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. புத்தி வந்து வந்ததல்ல.

இதைவிட மோசம், ஏணியே முறிந்தது. ஜொன்செ.

வட்டி இறங்கிய காலத்தில் ஜொன்செ கொடுக்க இளைஞர்களுக்கு பேங்குகள் அரசாங்க உத்தரவாதத்தில் மலிவுக் கடன் கொடுத்தன. வீட்டுக்காரர்களில் சிலர் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். 'வில்லா' என்று அங்கே சொல்லும் சின்ன அடுக்குமாடிகளுக்கு இதுதான் விலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் வீட்டின் விலைக்குச் சமமாகவே, சில சமயம் அதற்கு மேலேயும், ஜொன்செ வாங்குவார்கள். அந்தப் பணத்தில் அந்த வீட்டையே வாங்கிவிடுவார்கள். கைக்காசு ஒரு வோன் கிடையாது. இப்படி நூறு வீடு, ஆயிரம் வீடு. பழைய ஆள் காலி பண்ணினால் புது ஆளின் ஜொன்செயை வாங்கி இவருக்குக் கொடுப்பது. கிம்மின் ஆறு கார்டு வித்தையேதான், மாட்டினது மட்டும் வேறு ஆள். 2022ல் விலை விழுந்தது, புது ஆள் வரவில்லை. வீடுகள் ஏலத்துக்குப் போயின. ஏலக் காசில் பேங்கும் பாக்கி வரியும் முன்னால் நிற்கும், குடியிருந்தவன் பின்னால் நிற்பான்.

இஞ்சொன் நகரின் மிச்சுஹோல் வட்டாரத்தில் ஒரே ஆளின் பிடியில் 2,700 வீடுகள் இருந்தன. 2023 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் அங்கே ஏமாந்த மூன்று பேர், எல்லாரும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மே மாசம் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. 2025 நடுவில் ஜொன்செ மோசடியில் பாதிக்கப்பட்டவர்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டவர்கள் 30,000 பேரைத் தாண்டியிருந்தார்கள். நாலில் மூணு பேர் நாற்பது வயசுக்கு உட்பட்டவர்கள்.

கிம் போன் பண்ணினது உண்மையில் இதற்காகத்தான், பெண்ணின் காபியில் ஆரம்பித்து இங்கே வந்து சேர்ந்தான். அவன் அக்கா மகனுக்கு 29 வயசு, இஞ்சொனில்தான் குடியிருந்தான். 8 கோடி வோன் ஜொன்செ. அதில் 6 கோடி பேங்க் கடன், மிச்சம் ரெண்டு கோடி அவன் வேலைக்குப் போன நாளில் இருந்து சேர்த்தது. பார்ட்டி கிடையாது, வெளிநாட்டுப் பயணம் கிடையாது, கடைசி வரைக்கும் பழைய போன். "எங்கம்மா சொன்னபடியே நடந்த ஒரே பேரன் அவன்தான்" என்றான் கிம். வீடு ஏலத்தில் போனது, பேங்க் கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. நிலைத்த வேலை இருக்கு, எழுந்திருச்சுடுவான் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

போனை வைத்ததும் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2023ல் கொரியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9,620 வோன். 4,500 வோன் காபிக்கு அரை மணி நேரம் வேலை செய்தால் போதும். ஜொன் தே-இல் ஒரு நாள் முழுக்க உழைத்து வாங்கியிருக்க வேண்டிய காபி அது. கிம்மின் பெண் காலேஜ் பக்கத்தில் இருக்கும் ஒரு அறைக்கு மாசம் 5,50,000 வோன் வாடகை தருகிறாள். பகுதி நேர வேலையில் 57 மணி நேரம். அதே மாதிரி ஒரு அறையை ஜொன்செக்கு எடுக்க 15 கோடி வோன் என்று வைத்துக்கொண்டால், தினமும் ஒரு காபியை விட்டுவிட்டு அந்தக் காசைச் சேர்க்க 91 வருஷம் ஆகும். சேர்த்துக் கொடுத்தாலும் திரும்பி வருமா என்பது அக்கா மகனுக்குத்தான் தெரியும்.

அவளுடைய அறைக்கு ஜன்னல் உண்டு, அதைப் பெருமையாகச் சொன்னாள். சும்மா இல்லை. 'கோஷிவொன்' என்று அங்கே உண்டு. பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கென்று தொடங்கி, பின்னால் காசில்லாதவர்களின் வீடாகவே மாறிய குட்டி அறைகள். 2018 நவம்பரில் சியோல் ஜோங்னோவில் ஒரு கோஷிவொன் தீப்பிடித்து ஏழு பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வயசான தினக்கூலிக்காரர்கள். அங்கே ஜன்னல் இருந்த அறைக்கு மாசம் 3,20,000 வோன், ஜன்னல் இல்லாததற்கு 2,80,000. வித்தியாசம் 40,000 வோன். ஒன்பது காபி.

போன கோடையில் கிம் குடும்பத்தோடு வீடியோவில் பேசினேன். அம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். எழுபதைத் தாண்டியாச்சு, காது கொஞ்சம் மந்தம், இன்னும் முட்டை திங்கிறானா என்று என்னை விசாரித்தார்கள். பழைய பாஸ்புக் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு பத்திரமாக இருக்கிறது என்று கிம் எடுத்துக் காட்டினான். சேமிப்பு நாளை 2016ல் 'நிதி நாள்' என்று பேர் மாற்றிவிட்டார்கள் என்று நான் சொன்னதும் ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

அப்புறம் பேத்தி, தான் முன்பு இருந்த அந்தக் கொஜிபாங்கைப் பற்றிப் பாட்டிக்கு விளக்கினாள். முன்னூறு பேர் பாட்டி, தினமும் கணக்குச் சொல்லணும், யாரும் ஏமாத்தக் கூடாது. அம்மா ரொம்பக் கவனமாகக் கேட்டார்கள். முகமே மலர்ந்துவிட்டது.

"முன்னூறு பேரா? பெரிய கியேவா இருக்கே! முதல் சீட்டை யாரு எடுத்தா?"

"அது கியே இல்ல பாட்டி. யாரும் பணம் போடறதில்ல."

"பணம் போடாம எதுக்குக் கூடறீங்க?" என்றார்கள் அம்மா. பேத்தி கிம்மைப் பார்த்தாள். கிம் என்னைப் பார்த்தான். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து எங்க ஊரில் கரண்ட் போனது.